வியாழனைப் பார்க்க எந்தப் பார்வைத்துண்டு? உவர்மலை வாசகருக்கு ஒரு பதில்

கடிதம் எழுதியவர் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறார். வயது 48, அரச உத்தியோகம். பெயரையும் திணைக்களத்தையும் நான் எடுத்துவிட்டேன். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் கொடுத்துவிட்டுப் போன தெறிப்புத் தொலைகாட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆடியின் விட்டம் 114 மில்லிமீற்றர், குவியத் தூரம் 900 மில்லிமீற்றர். கூடவே 25, 10, 4 மில்லிமீற்றர் என்று மூன்று பார்வைத்துண்டுகளும் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழல்கள்), அவற்றின் உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றும் வந்திருக்கின்றன. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘675 மடங்கு’.

முதல் நாள் 25 மில்லிமீற்றரில் சந்திரனைப் பார்த்து வீடே குதூகலித்திருக்கிறது. அப்புறம் வியாழன். இரவு ஏழு மணி, மொட்டைமாடி, பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேல் கோள் அப்போதுதான் ஏறி வருகிறது. 4 மில்லிமீற்றரையும் பார்லோவையும் ஒன்றாக மாட்டி அரை மணித்தியாலம் தேடிப் பிடித்ததை, “கிணற்றுத் தண்ணிக்குள் விழுந்த மஞ்சள் பல்ப் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது” என்று எழுதுகிறார். பதினைந்து வயது மகளுக்கோ 10 மில்லிமீற்றரில் வியாழனின் இரண்டு மேகப் பட்டிகளும் தெரிந்தனவாம். அவள் விலகியதும் இவர் குனிந்து பார்த்தால் பூசிவிட்டது போல ஒரு வட்டம். “அப்பாவுக்குக் கண் போயிட்டுது” என்பது வீட்டுத் தீர்ப்பு.

மூக்குக்கண்ணாடி விவரத்தையும் ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறார்: தூரத்துக்கு மைனஸ் 1.50, சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாத குறைக்கு) மைனஸ் 1.25, வாசிக்கப் பிளஸ் 2.00 கூட்டல், எல்லாம் ஒரே புரோகிரசிவ் கண்ணாடியில். இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், மாத்திரையில் கட்டுப்பாடு. இணையத்தில் ஒரு 2.3 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். கையில் 25,000 ரூபா. அதை வாங்கலாமா, கண்ணில் புரை வந்துவிட்டதா, இருட்டைத் தேடிக் குச்சவெளிப் பக்கம் போக வேண்டுமா என்று மூன்று கேள்விகள். போகிற போக்கில், பெட்டிக்குள் ‘சூரியன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்றும் இருப்பதாகவும் அதைப் பகலில் போட்டுப் பார்க்க மகள் ஆசைப்படுவதாகவும் கடைசி வரியில் சொல்கிறார்.

அன்புள்ள நண்பரே,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றவை காத்திருக்கலாம். அந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்றைக்கே துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். அலுமாரியில் ஒளித்து வைக்க வேண்டாம், பிள்ளைகள் கண்டெடுப்பார்கள். பார்வைத்துண்டின் அடியில் திருகி மாட்டும் வகை அது. 114 மில்லிமீற்றர் ஆடி திரட்டுகிற வெயில் முழுவதும் குவிந்து வரும் பாதையில் அது இருக்கிறது. சூட்டில் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். வெடிக்கும்போது கண் அங்கேதான் இருக்கும். விழித்திரை எரிந்தால் வலிக்காது, திரும்பியும் வராது. சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் வாயை முழுவதுமாக மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டி வேண்டும். அது இல்லாதவரை தொலைகாட்டியைச் சூரியன் பக்கம் திருப்பவே வேண்டாம்.

சரி, இனி வியாழன்.

675 எங்கிருந்து வந்தது

தொலைகாட்டியின் குவியத் தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். உங்களுடைய 25 மில்லிமீற்றர் 36 மடங்கு தருகிறது, 10 மில்லிமீற்றர் 90, 4 மில்லிமீற்றர் 225. அந்த 225ஐப் பார்லோவின் மூன்றால் பெருக்கினால் 675. கணக்கில் பொய் இல்லை. ஆனால் ஆடி சேர்த்துத் தருகிற ஒளியும் விவரமும் அதே அளவுதான். ஆடியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். நல்ல இரவில் ஒரு தொலைகாட்டி தாங்கும் உச்சம் ஏறத்தாழ அவ்வளவே. உங்களுக்கு 228. அதற்கு மேல் போவது பாலில் தண்ணீர் ஊற்றுவது போல: படி கூடும், பால் கூடாது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 2.3 மில்லிமீற்றர் 391 மடங்கு. வேண்டாம். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, குவியத் தூரம் குறைந்த பெரிய தொலைகாட்டிக்கு அது நல்ல பொருளாகவும் இருக்கலாம். உங்கள் குழாய்க்கு அது பொருந்தாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூமிக்குக் கிட்ட வரும் காலத்தில் வியாழனை 40 மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணுக்குப் பூரணைச் சந்திரன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத்தான் அது இருக்கும். நம்ப மாட்டீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வீடோ தென்னையோ இல்லாத கறுப்பு வட்டத்துக்குள் எதுவும் சின்னதாகத்தான் படும். “இன்னும் பெருக்க வேண்டும்” என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்தது ஏறத்தாழ 20 மடங்கில். உங்கள் 25 மில்லிமீற்றர் அதைவிட மேல்.

உங்கள் கண்ணுக்கு என்ன

மூக்குக்கண்ணாடியும் கண் பரிசோதனையும் என் தொழில், வானம் பார்ப்பது பொழுதுபோக்கு. ஆகவே இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாததற்குக் கண்புரையைத் தேடிப் போக முதல், குவியம் சரிசெய்யும் குமிழைத் தேடுங்கள். அவள் தன் கண்ணுக்கு ஏற்றபடி குமிழைத் திருப்பி வைத்துவிட்டு விலகுகிறாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குமிழைத் தொடாமல் பார்க்கிறீர்கள். உங்கள் மைனஸ் 1.50 அந்த இடத்தில் அப்படியே நிற்கிறது, விம்பம் பூசாமல் என்ன செய்யும்? குமிழை மெல்லத் திருப்பினால் அந்த 1.50 காணாமல் போய்விடும். தூரப்பார்வைக் குறையோ கிட்டப்பார்வைக் குறையோ, வெறும் ‘பவர்’ மட்டும் என்றால் தொலைகாட்டியே உங்களுக்கு மூக்குக்கண்ணாடி. வாசிக்கும் பிளஸ் 2.00க்கும் இங்கே வேலை இல்லை. கண் தூரத்தைப் பார்ப்பது போலத் தளர்ந்துதான் இருக்கிறது.

சிலிண்டர் பவர் வேறு கதை. அது எந்தக் குமிழைத் திருப்பினாலும் போகாது. “அப்படியென்றால் நான் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்” என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால்தான். பாதி சரி.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பகலில் 25 மில்லிமீற்றரை மாட்டி, குழாயைச் சூரியனுக்கு எதிர்ப்பக்க வானத்துக்குத் திருப்பிவிட்டு, ஓர் அடி தள்ளி நின்று பார்வைத்துண்டைப் பாருங்கள். அதன் வில்லைக்கு நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு மிதக்கும். அந்தப் பொட்டின் வழியாகத்தான் எல்லா ஒளியும் உங்கள் கண்ணுக்குள் போகிறது. உங்கள் தொலைகாட்டியில் பார்வைத்துண்டின் மில்லிமீற்றரை ஏறத்தாழ எட்டால் வகுத்தால் பொட்டின் விட்டம். 25இல் அது 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், 10இல் ஒன்றேகால், 6இல் முக்கால், 4இல் அரை. பொட்டு சிறிதானால் கண்மணியின் நடுப்பகுதியில் ஒரு சிறு இடம்தான் வேலை செய்கிறது. அவ்வளவு சிறிய இடத்தில் சிலிண்டர் குறை தலை காட்டாது. சுருக்குப்பை வாயைச் சுருக்குவது போல விரல்களைக் குவித்து, அந்த ஓட்டை வழியாகக் கண்ணாடி இல்லாமல் நாள்காட்டியைப் பாருங்கள், எழுத்துத் தெளியும். அதே சங்கதி.

ஆகவே உங்களுக்கான விதி தலைகீழ்: 25 மில்லிமீற்றரில் சந்திரனையோ நட்சத்திரக் கூட்டத்தையோ பார்க்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். புரோகிரசிவ் என்பதால் மேற்பகுதியால் பாருங்கள், கீழ்ப்பகுதி வாசிப்பதற்கு. 100 மடங்குக்கு மேல் கோள்களைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடலாம். உங்கள் 1.25 அங்கே ஒரு பொருட்டில்லை.

சந்தேகமிருந்தால் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை 25இல் பிடித்து, கண்ணாடி இல்லாமல் குவியம் வைத்துப் பாருங்கள். புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபட்டிருந்தால், தலையை ஒரு பக்கம் சாயுங்கள். கோடும் சேர்ந்து சாய்ந்தால் குறை கண்ணில். தலையை நேரே வைத்துக்கொண்டு பார்வைத்துண்டை மட்டும் அதன் குழலில் சுழற்றும்போது கோடு சுழன்றால் குறை பார்வைத்துண்டில். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஆடிகள் ஒழுங்கில் இல்லை என்று சந்தேகியுங்கள். கனடாவிலிருந்து பெட்டியில் உருண்டு வந்த குழாய், ஆடிகள் கொஞ்சம் விலகியிருக்க நிரம்ப வாய்ப்பு உண்டு. நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து சற்றே விலக்கினால் தெரியும் வளையங்கள் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்த வில்லையும் அதைத் திருத்தாது.

கண்புரை? 48 வயதில் இருக்கவே இருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் இல்லை. இரவில் எதிரே வரும் வாகன விளக்கு வெடித்துப் பரவுகிறதா, ஒரு கண்ணில் மட்டும் நிறம் மங்குகிறதா என்று பாருங்கள். அதைவிட எனக்கு அக்கறை சீனியில். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும் நாட்களில் கண்ணின் பவரும் ஏறி இறங்கும். போன மாதம் சரியாக இருந்த கண்ணாடி இந்த மாதம் பிசகுவது அதனால் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டுகிறீர்களா? கடிதத்தில் இல்லை. காட்டாவிட்டால் பார்வைத்துண்டுக்கு முதல் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. 4 மில்லிமீற்றரில் பார்க்கும்போது தூசு போலவும் நூல் போலவும் ஏதோ நீந்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வில்லையில் இல்லை, உங்கள் கண்ணுக்குள் இருக்கும் பசையில் மிதக்கும் துணுக்குகளின் நிழல். ஒளிப்பொட்டு அரை மில்லிமீற்றருக்கு வந்தால் நம் வயதில் அநேகமானோருக்குத் தெரியும். 2.3ஐ வாங்கியிருந்தால் வியாழனைவிட இவைதான் அதிகம் தெரிந்திருக்கும். ஆனால் தொலைகாட்டி இல்லாமலே ஒரு நாள் திடீரென்று துணுக்குகள் மழையாய்ப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தது போல இருந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குச்சவெளிக்குப் போக வேண்டியதில்லை

இருட்டு வேண்டியது நெபுலா என்ற மங்கலான வாயு மேகங்களுக்கும் பால்வீதிக்கும். வியாழனும் சனியும் நகர வெளிச்சத்தைச் சட்டை செய்யாது. கோள்களைக் கெடுப்பது காற்றின் நடுக்கம். அந்த நடுக்கத்தை நீங்களே கூப்பிட்டு வைத்திருக்கிறீர்கள்: பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிரீட் தட்டு இரவு ஏழு மணிக்கு அடுப்பு மாதிரி மூச்சு விடும், பக்கத்து வீட்டு ஓடும் அப்படியே. கோள் வேறு தாழ்வாக இருந்திருக்கிறது. 30 பாகை உயரத்தில் நிற்கும் கோளின் ஒளி, உச்சியில் நிற்பதைப் போல இரு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. கிணற்றுத் தண்ணீர் என்று நீங்கள் சொன்னது சரியான உவமை.

வளவில் புல்லோ மண்ணோ உள்ள இடத்தில் வையுங்கள், கோள் ஏறும்வரை காத்திருங்கள். நாம் இருப்பது வட அகலாங்கு எட்டரைப் பாகையில். சூரியன் போகும் பாதையை ஒட்டியே கோள்களும் போவதால், எந்தப் பருவத்திலும் அவை நமக்கு 55 பாகைக்கு மேல் ஏறாமல் போகாது. லண்டனில் இருக்கும் ஒருவர் தெற்கே தாழ்ந்து கிடக்கும் கோளைக் கூரைகளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் வருடங்களில்கூட நமக்கு அது நல்ல உயரத்தில். இதைப் பயன்படுத்தாமல் ஏழு மணிக்கே அவசரப்படலாமா?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் குழாயே ஆடும், 90 மடங்கோடு திருப்திப்பட்டு உள்ளே போங்கள். உச்சியில் நிற்கும் நட்சத்திரங்கள் மினுங்காமல் அமைதியாக நிற்கும் இரவுதான் 150க்குப் போகும் இரவு. சனி 2026 ஒக்டோபர் தொடக்கத்தில் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. மாரி தொடங்கிவிடும் என்பதால் செப்டெம்பரிலேயே பார்த்துவிடுங்கள். அதன் வளையம் 2025 மார்ச்சில் பக்கவாட்டாகத் திரும்பி வெறும் கோடாகிப் போனது, இப்போது மெல்ல விரிந்து வருகிறது, 2032 வாக்கில் முழுதாக விரிந்திருக்கும். வியாழனும் செவ்வாயும் 2027 பெப்ரவரியில், மழை ஓய்ந்த பின், ஏறக்குறைய உச்சிக்கே வரும்.

கடற்கரைக்குக் கொண்டு போகும் எண்ணம் இருந்தால் ஒன்று: நம்முடைய ஊர் துறைமுக ஊர், கோட்டைக்குள் இராணுவம், பக்கத்தில் கடற்படை. இரவில் மூன்று காலில் ஒரு வெள்ளைக் குழாயை நட்டு வைத்தால் யாராவது வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். நான் இரண்டு தடவை விசாரிக்கப்பட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் கடைசியில் அவர்களுக்குச் சந்திரனைக் காட்டி அனுப்பினேன். உங்களுக்கு வளவு இருக்கிறது, அதுவே போதும்.

25,000 ரூபாவுக்கு

காசு செலவழிக்க முதல் ஒரு பரீட்சை. உங்கள் 25 மில்லிமீற்றரை அந்த மூன்று மடங்கு பார்லோவில் போட்டுப் பாருங்கள். 108 மடங்கு வரும். பெட்டியோடு வரும் பார்லோ பெரும்பாலும் மலிவானது, ஓரத்தில் நிறம் பிரியலாம். ஆனால் கண்ணை வசதியாக வைத்துக்கொண்டு 100 மடங்கில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

பிறகு என் தெரிவு 6 மில்லிமீற்றர். உங்களுக்கு 150 மடங்கு. 90க்கும் 225க்கும் இடையில் உள்ள பெரிய பள்ளத்தை அது நிரப்புகிறது, நம் ஊர்க் காற்று அநேக நல்ல இரவுகளில் அதைத் தாங்கும். ஆனால் எந்த 6 என்பது முக்கியம். ப்ளோசல் என்ற சாதாரண வகைப் பார்வைத்துண்டில், கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்தால் முழு வட்டமும் தெரியுமோ அந்த இடைவெளி, குவியத் தூரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கும். 6 மில்லிமீற்றரில் அது நாலரை கூட வராது. இமைமயிர் வில்லையில் உரசும், கண்ணீர்ப் பிசுக்கு ஒட்டும், மூக்கு இடித்துக் குழாய் ஆடும். மூக்குக்கண்ணாடி போட்டால் கேட்கவே வேண்டாம், அதன் வில்லையே கண்ணிலிருந்து 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. ஆகவே 15 மில்லிமீற்றர் அளவுக்குக் கண் இடைவெளி தரும், பார்வைப் புலம் (உள்ளே தெரியும் வட்டத்தின் அகலம்) 60 பாகைக்கு மேற்பட்ட 6 மில்லிமீற்றரைக் கேளுங்கள். மலிவு வகையில் 66 பாகை என்று விற்கும் துண்டுகள் ஆரம்பக்காரருக்குத் தாராளம்.

புலம் அகன்றிருப்பதில் இன்னொரு லாபம். உங்கள் தாங்கிக்கு மோட்டர் இல்லை, பூமி சுற்றுவதால் கோள் நகர்ந்துகொண்டே இருக்கும். 66 பாகைப் புலத்தில் 150 மடங்கில் வியாழன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஒன்றே முக்கால் நிமிடம் எடுக்கும். 40 பாகைப் புலத்தில் 675 மடங்கில்? 14 விநாடி. நீங்கள் அரை மணித்தியாலம் தேடியதில் அதிசயம் இல்லை.

தரமான இரண்டு மடங்கு பார்லோ வாங்கினால் 25ஐ 72ஆகவும் 10ஐ 180ஆகவும் ஆக்கலாம், ஒரு விலைக்கு இரண்டு உருப்பெருக்கம். மோசமில்லை. ஆனால் உங்கள் 10 எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, அதன் குறைகளும் இரட்டிக்கும். ஆகவே இரண்டாம் தெரிவு. மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸூம் பார்வைத்துண்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் குறைந்த மடங்கில் புலம் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல ஒடுங்கிவிடும். ஏழெட்டுத் துண்டுகளும் நிற வடிகட்டிகளும் அலுமினியப் பெட்டியில் வரும் ‘செட்’டில் நீங்கள் உண்மையில் பாவிப்பது இரண்டாக இருக்கும். வேண்டாம்.

காசு கட்டுமுன் பள்ளிக்கூட அடிமட்டத்தால் உங்கள் பார்வைத்துண்டின் உருளை விட்டத்தை அளந்துவிடுங்கள். 31.7 மில்லிமீற்றர் என்றால் கவலை இல்லை. 24.5 என்றால் பழைய அளவு, நான் சொன்ன எதுவும் உள்ளே போகாது.

வாங்கியது வந்ததும் அலுமாரியில் உடுப்போடு வைக்காதீர்கள். என் முதல் 4 மில்லிமீற்றரை, ஆம், நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன், இரண்டு இரவு பார்த்துவிட்டு மாரி முழுவதும் தோல் பையில் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் உள்வில்லையில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். துடைக்க முடியாத இடம். கடல் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இறுக மூடும் பிளாஸ்ரிக் டப்பாவும் ஒரு பிடி சிலிக்கா ஜெல்லும் வேண்டும். நீலக் குருணி நிறம் மாறி இளஞ்சிவப்பானால் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் சமைக்கும் சட்டியில் வேண்டாம். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் டப்பாவைத் திறக்காமல் கால் மணித்தியாலம் வெளியில் விடுங்கள். உடனே திறந்தால் வில்லை வேர்க்கும், அதைச் சாரத்து நுனியால் துடைக்கக் கை தானாகப் போகும்.